போலீஸ் ஓட்டிய வண்டி என்ற ஒரே தகுதி

அமெரிக்க நகராட்சிகள் ஏலம் விடும் பழைய போலீஸ் எஸ்யூவியை வாங்க நினைப்பவரிடம் தவறாமல் ஒரு வாசகம் சொல்லப்படுகிறது. “அரசாங்கம் பராமரித்த வண்டி, உதிரிபாகமெல்லாம் கனரகம், ஓட்டமும் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.” இதன் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் பலர் மூவாயிரம் டாலர் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே இழக்கிறார்கள். அதனால் இந்த வாசகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று ஏலங்களில் மலிந்து கிடக்கும் ஃபோர்டு ‘போலீஸ் இன்டர்செப்டர் யுட்டிலிட்டி’யையே எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்புளோரரின் போலீஸ் வடிவம் இது. கிரவுன் விக்டோரியா செடானின் உற்பத்தி 2011-இல் நின்றபின் 2013 மாடலாக வந்து, 2019 வரை ஏறத்தாழ அதே அமைப்பில் விற்றது. பெரும்பாலானவற்றில் 3.7 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின்.

முதலில் “ஓட்டம் குறைவு” என்பது. ரோந்து வண்டி ஓடும் நேரத்தைவிட நின்றபடி எஞ்சின் இயங்கும் நேரம் அதிகமாக இருப்பது சாதாரணம். ரேடியோ, கணினி, கேமரா, கூரை விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். பின்னால் மோப்ப நாய் இருந்தால் ஏசியை அணைக்கவே முடியாது. ஓடோமீட்டரில் இதெல்லாம் ஒரு மைல்கூட ஏறாது. ஃபோர்டு நிறுவனமே, நின்றபடி இயங்கிய ஒரு மணி நேரத்தைச் சுமார் 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாகக் கொள்ளச் சொல்கிறது. ஓடோமீட்டரில் 90,000 மைல், எஞ்சின் இயங்கியது மொத்தம் 6,000 மணி நேரம், அதில் நின்றபடி 3,500 என்று வைத்துக்கொள்வோம். 3,500-ஐ 33-ஆல் பெருக்கினால் 1,15,500. ஆக அந்த எஞ்சின் இரண்டு லட்சம் மைலைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு மணிக்கணக்கையும் ஸ்டீயரிங் பொத்தான்களை அழுத்தி முன்பலகைத் திரையிலேயே பார்க்கலாம். ஏலக் குறிப்பில் மைல் மட்டும் இருந்தால் மணிக்கணக்கின் புகைப்படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

நின்றபடி இயங்கினால் எஞ்சினுக்கு என்ன கெடுதி என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நிலையில் ஆயில் அழுத்தம் குறைவாக இருக்கும். சிலிண்டர் போதிய சூட்டை எட்டாததால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். கார்பன் படியும், டைமிங் செயின் தேயும். மைலை வைத்து மட்டும் ஆயில் மாற்றியிருந்தால், மாற்ற வேண்டிய காலம் பலமுறை தாண்டிப் போயிருக்கும்.

“அரசாங்கம் பராமரித்தது” என்ற இரண்டாவது துண்டுக்கு வருவோம். ஆயில், பிரேக், டயர் இவற்றைப் பல காவல்துறைகள் ஒழுங்காகவே கவனிக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையில் இருப்பதைத்தான் பணிமனை செய்யும். தொழிற்சாலையில் ஊற்றியது ஆயுளுக்கும் போதும் என்று எழுதப்பட்ட கியர் ஆயிலை வழக்கமான அட்டவணை மாற்றச் சொல்லாது. இன்னொன்று: அடுத்த மாதம் கழிக்கப்போகும் வண்டிக்கு எந்த நகராட்சியும் பெரிய செலவு செய்யாது. செலவு வரப்போகிறது என்று தெரிந்தே கழிக்கப்பட்ட வண்டியும் அந்த ஏல வரிசையில் நிற்கும்.

மூன்றாவதுதான் ஆளை அதிகம் ஏமாற்றுவது: “எல்லாம் கனரகம்.” பெரிய பிரேக், 220 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், பலமான குளிர்விப்பு, எஃகுச் சக்கரங்கள் இவை போலீஸுக்கென்றே போட்டவை. ஆனால் இந்த வண்டியைச் சாகடிக்கும் இரண்டு பாகங்கள், அடிப்படை அமைப்பில், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் சாதாரண எக்ஸ்புளோரரில் இருப்பவைதான்.

ஒன்று வாட்டர் பம்ப். குறுக்குவாட்டில் வைத்த இந்த எஞ்சினில் அதை வெளியே பெல்ட்டில் மாட்டாமல், முன்மூடிக்கு உள்ளே வைத்து டைமிங் செயினால் ஓட்டுகிறார்கள். சீல் தேயும்போது கூலன்ட் முதலில் ஆல்டர்னேட்டர் பக்கமாக இருக்கும் ஒரு சிறு துளை வழியாகக் கசியும். இடுக்கான இடம், சூட்டில் காய்ந்துவிடும், தரையில் சொட்டாது. உள்பக்கத் தடுப்பும் போனால் கூலன்ட் நேராக ஆயிலில் இறங்கி பேரிங்குகளைத் தின்றுவிடும். பம்பின் விலை பெரிதில்லை. அதை எட்ட எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டியிருப்பதால் கூலி பல மணி நேரத்துக்கு ஏறுகிறது.

“ஆயில் மூடியில் பால் நிறம் இல்லை, பம்ப் நன்றாக இருக்கிறது” என்று சொல்வதை ஏற்கவே கூடாது. குறுந்தூரமே ஓடிய நல்ல எஞ்சினிலும் குளிர்காலத்தில் ஈரம் படிந்து மூடியடியில் பால் நிறம் வரும். ஏலத்துக்கு முந்தைய நாள் ஆயில் மாற்றிய கெட்ட எஞ்சினில் வராமலும் போகும். சரியான வழி வேறு. எஞ்சின் ஆறியபின் கூலன்ட் தொட்டியின் வாயில் அழுத்தக் கருவியை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் இறங்குகிறது, ரேடியேட்டர் குழாய் எங்கும் ஈரமில்லை என்றால், விளக்கைப் பிடித்து ஆல்டர்னேட்டரின் பின்னால் காய்ந்த கூலன்ட் தடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆயிலில் ஒரு சிறு புட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், சோடியம், பொட்டாசியம் அளவைக் கொண்டு கூலன்ட் கலந்ததா என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சின் விலையோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை.

இன்னொன்று, முன் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் பெட்டி. மெக்கானிக்குகள் பி.டி.யு. என்பார்கள். உள்ளே இருப்பது அரை லிட்டர் அளவு கியர் ஆயில், பக்கத்திலேயே கொதிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். ஆயுளுக்கும் போதும் என்ற அந்த ஆயில் சூட்டில் கெட்டியாகித் தார் போலாகிறது. நிரப்பும் பிளக்கைக் கழற்றி விரலை விட்டாலே நிலைமை தெரிந்துவிடும். கறுத்துக் களிம்பாக ஒட்டினாலோ இரும்புத் தூள் மின்னினாலோ ஏலத்தொகையைக் குறைக்க வேண்டும். நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தியதும் கந்தகம் கலந்த தீய்ந்த வாடை வந்தால், பெட்டியின் சீல் வழியாகக் கசிந்த ஆயில் புகைக்குழாயில் விழுகிறது என்று பொருள்.

“ஸ்கேனர் போட்டோம், ஒரு கோடுகூட இல்லை” என்ற சான்றிதழும் உண்டு. கோடு என்பது வண்டியின் கணினி பதிவு செய்யும் கோளாறுக் குறியீடு. அவற்றை அழிக்க அரை நிமிடம் போதும். கேட்க வேண்டியது, அழித்து எவ்வளவு தூரம் ஆயிற்று என்பது. வண்டியின் கணினியே அந்தத் தூரத்தைக் குறித்து வைத்திருக்கிறது, ஓரளவு நல்ல ஸ்கேனர் அதைக் காட்டும். சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று திரை காட்டினால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இந்த மாடல் ஆண்டுகளின் வண்டிகளில் நிரந்தரக் கோடுகள் என்று தனி வகை இருக்கிறது. ஸ்கேனராலும் அவற்றை அழிக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. கோளாறு சரியாகிக் கணினியே திருப்தி அடைந்தால்தான் நீங்கும். முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். பி.டி.யு. ஆயில் தாராகிவிட்டது, பேரிங் தேய்ந்துவிட்டது என்று எந்தக் கோடும் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது.

அடியில் எழும் உறுமலைக் கேட்டு “டயர் சத்தம்” என்று சொல்லி விடுவதும் வழக்கம். நடைபாதை விளிம்புகளில் ஏறி இறங்கிய சக்கரங்களில் ஹப் பேரிங் தேய்வது சகஜம். ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு, காலியான சாலையில் ஸ்டீயரிங்கை மெல்ல இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச்சக்கரத்தில் விழும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, விடும்போது வேறொரு சுருதி என்றால் பி.டி.யு. அல்லது பின் டிஃபரன்ஷியல். பின் சஸ்பென்ஷனில் டோ லிங்க் என்னும் தண்டு முறியலாம் என்று 2019-இல் ஃபோர்டு 2011 முதல் 2017 வரையிலான எக்ஸ்புளோரர்களைத் திரும்ப அழைத்தது. எனவே வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் இட்டு, முடிக்காத திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

“கூரை விளக்கையும் ரேடியோவையும் கழற்றியாயிற்று, இனி சாதாரண வண்டிதான்” என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் கூற்று. கருவிகள் போய்விடும், அவற்றுக்காகப் போட்ட துளைகள் தங்கிவிடும். 2017 ஜூலையில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரக் காவல்துறை, கார்பன் மோனாக்சைடு அச்சத்தால் சுமார் 400 வண்டிகளை ஒரேயடியாக நிறுத்தி வைத்தது. கருவி பொருத்தும்போது போட்டு அடைக்காமல் விட்ட துளைகள் வழியாகப் புகை உள்ளே வரலாம் என்று ஃபோர்டு விளக்கியது. அவற்றைச் சரிசெய்யும் செலவையும் ஏற்றுக்கொண்டது. பின்பக்க விரிப்பைத் தூக்கி ஒவ்வொரு துளையையும் ரப்பர் அடைப்பாலோ சீலன்டாலோ மூடிவிட்டு, ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டரை உள்ளே வைத்து, ஏசியை உள்சுழற்சியில் விட்டு வேகமெடுத்து ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. குடும்பத்தை ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

வெட்டி விட்ட கம்பிகள் இன்னொரு தொல்லை. காலையில் பேட்டரி செத்துக் கிடந்தால் புதுப் பேட்டரி வாங்கி மாட்டுவதில் பயனில்லை. வண்டியைப் பூட்டி, உள்ளிருக்கும் கணினிகள் உறங்கும்வரை ஏறத்தாழ 40 நிமிடம் விட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளக்க வேண்டும். 50 மில்லியாம்பியருக்கு மேல் நிலையாகப் போனால் எங்கோ ஒழுகுகிறது. போலீஸ் கருவிகளுக்கான கம்பிகள் பலவும் நேராகப் பேட்டரியிலிருந்தே இழுக்கப்பட்டவை, தொழிற்சாலை ஃபியூஸ் பெட்டியைத் தொடாதவை. ஆகவே தேடலை அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

இவ்வளவும் சொன்னபின், போலீஸ் வண்டியே வேண்டாம் என்ற எதிர்க்கூற்றும் எனக்கு ஏற்புடையதல்ல. அதிகாரி ஒருவர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டிய வண்டிக்கும் மூன்று ஷிப்டும் ரோந்து போன வண்டிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. வண்டி எந்தப் பிரிவில் இருந்தது, பணிமனை என்னென்ன மாற்றியது என்பதைப் பல மாநிலங்களில் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேட்டே வாங்கலாம். ஏல நாளுக்கு இரண்டு வாரம் முன்பே, வண்டியின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பித்துவிட வேண்டும். ஆவணம் வராவிட்டாலோ மணிக்கணக்கைக் காட்டும் முன்பலகை மாற்றப்பட்டிருந்தாலோ, வாட்டர் பம்ப் கூலியையும் பி.டி.யு. விலையையும் கழித்துவிட்டு மிஞ்சும் தொகைக்கு மேல் ஏலம் கேட்கக் கூடாது.