தோராயத்துக்கு மிரளும் துல்லியவாதி

எண்ணியல் முறைகள் என்ற தொடக்கநிலைப் பாடத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்கிறார் ஒரு கணிதப் பேராசிரியர். கணினி நொடியில் போடும் கணக்கைப் பிள்ளைகள் கையால் போட்டு மாய வேண்டாமாம். தோராயமாக விடை காண்பது கணிதமே இல்லையாம். கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு இது வீண் சுமையாம். தனித்தனியே கேட்டால் மூன்றும் நியாயம் போலத்தான் ஒலிக்கின்றன. சேர்த்து வைத்தால்தான் சந்தி சிரிக்கிறது. தோராயம் கணிதமில்லை என்றால் அவர் கும்பிடும் கணினி இரவும் பகலும் செய்துகொண்டிருப்பது என்ன, தவமா? அதற்குள் ஓடுவதும் இந்தப் பாடத்தின் நியூட்டன்–ராப்சன், ரங்கே–குட்டா முறைகள்தானே? மாணவன் செய்தால் இழுக்கு, இயந்திரம் செய்தால் துல்லியம் என்பது எந்த ஊர்த் தர்க்கம்?

கணினி போடும், சரி. போட்டது சரியா என்று யார் பார்ப்பது? ஓர் எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணின் இருமடங்கைக் கழித்து, 2 கூட்டினால் சுழி வர வேண்டும். அந்த எண் எது? பேராசிரியர் தம் கணினியில் நியூட்டன்–ராப்சனை 0-விலிருந்து தொடங்கி ஓடவிடட்டும். முதலில் 1 வரும், அடுத்து 0, மறுபடி 1, மறுபடி 0. மின்சாரம் போகும்வரை அது அப்படியேதான் ஊசலாடும். உண்மையான மூலமோ −1.769-க்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒரு தாளில் வளைகோட்டை வரைந்து இரண்டு தொடுகோடு போட்டுப் பார்த்த மாணவிக்கு இந்தக் கூத்து அரை நிமிடத்தில் விளங்கிவிடும். பொத்தானை மட்டும் அழுத்தப் பழகியவருக்கு எப்போது விளங்கும்?

இது புத்தகப் பூச்சாண்டி என்பாரானால், 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் நடந்ததைப் படிக்கட்டும். பத்தில் ஒரு நொடி என்ற எண்ணை இரும முறையில் முழுமையாக எழுத முடியாது. அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு அதை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தது. வெட்டுப்பட்ட துணுக்கு நூறு மணி நேரம் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 0.34 நொடியாக வளர்ந்தது. அந்த இடைவெளியில் எதிரியின் ஸ்கட் ஏவுகணை எங்கே இருக்கிறது என்பதே தவறிப்போனது. 28 படைவீரர்கள் செத்தார்கள். வெட்டுப்பிழை எப்படித் திரளும் என்பது இந்தப் பாடத்தின் முதல் வாரத்துச் சமாச்சாரம். அதைத்தான் தேவையில்லை என்கிறார்.

தோராயம் கணிதமாகாது என்ற இரண்டாவது வாதத்தில் ஒரு வைதிகப் பெருமிதம் தொனிக்கிறது. ஐந்தாம் படிப் பொதுச் சமன்பாட்டை மூலக்குறிகளால் தீர்க்கும் சூத்திரமே கிடையாது என்று 1824-லேயே ஆபெல் நிறுவிவிட்டார். அங்கே தோராயம்தான் வழி. அவ்வளவு தூரம் போவானேன்? காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நட்டது விராலிமலைக்குப் பக்கத்துக் குன்னத்தூரில்தான். மாயனூர்க் கதவணையிலிருந்து குண்டாறு வரை சுமார் 262 கிலோமீட்டர். சரிவக வெட்டுமுகம் கொண்ட ஒரு கால்வாயில் இவ்வளவு நீர் ஓடினால் ஆழம் எவ்வளவு நிற்கும் என்று மேனிங் சமன்பாட்டைக் கேளுங்கள். தேடுகிற ஆழம் பரப்பிலும் ஒளிந்திருக்கிறது, நனையும் சுற்றளவிலும் ஒளிந்திருக்கிறது. அவற்றின் மேல் மூன்றில் இரண்டு என்ற அடுக்கு வேறு. எந்தச் சூத்திரமும் அதைத் தனியே பிரித்துத் தராது. ஓர் ஆழத்தை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுத்தான் ஆக வேண்டும். கவிநாடு கண்மாயின் கொள்ளளவும் அப்படித்தான்: சமமட்டக் கோடுகளுக்குள் அடங்கிய பரப்புகளை அளந்து சிம்ப்சன் விதியில் தொகுக்க வேண்டும், அதிலும் துண்டுகள் இரட்டைப்படையாக இல்லாவிட்டால் மிஞ்சுவதைத் தனியே கவனிக்க வேண்டும். துல்லியத்துக்காகக் காத்திருந்தால் வாய்க்காலும் வராது, தண்ணீரும் வராது.

வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கும் வீடுகளுக்குக்கூட இது அந்நியச் சரக்கு இல்லை. சந்திரனுக்கு 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்து, இடையில் விழும் நேரத்துக்கு இடைச்செருகல் செய்வது எண்ணியல் முறை அல்லாமல் வேறென்ன? ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை நெஞ்சிலிருந்து எடுத்து, அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. பிழையையும் சேர்த்துச் சொல்வதால்தான் அந்தக் கணக்கின் தரம் நமக்குத் தெரிகிறது. பேராசிரியரின் துல்லியத்துக்கு அப்படி ஏதாவது அளவுகோல் உண்டா?

மூன்றாவது காரணம் கரிசனம் என்ற பெயரில் வரும் இளக்காரம். அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ பன்னிரண்டாம் வகுப்பில் வணிகக் கணிதம் எடுத்த பிள்ளை எண்ணியல் முறைகள் என்று ஓர் இயலையே படித்துவிட்டுத்தான் வருகிறது. அதற்குச் சிம்ப்சன் எப்படிச் சுமையாகும்? அண்ணா பல்கலைக்கழகமே 2021 விதிமுறையில் இப்பாடத்தைப் புள்ளியியலோடு சேர்த்து மூன்று அலகாகச் சுருக்கி, எல்லைமதிப்புக் கணக்குகளைக் கழற்றிவிட்டது. மிச்சமிருப்பதும் இவர் கண்ணை உறுத்துகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். கால்குலேட்டரில் ‘ஆன்ஸ்’ பொத்தானைத் தட்டித் தட்டி நான்கு தசமத்துக்கு அட்டவணை நிரப்புவதும், கைடு பார்த்துப் பதினாறு மதிப்பெண் வாங்குவதும் படிப்பில்லை. அதற்கு மருந்து பாடத்தைக் கொல்வதா, தேர்வை மாற்றுவதா? கணினியைக் கையில் கொடுத்து, விடையையும் கொடுத்து, இதை நம்பலாமா, எத்தனை தசமம் வரை, ஏன் என்று கேளுங்கள். ஆனால் அந்த விடைத்தாளை விடைக்குறிப்பு வைத்துக்கொண்டு மணிக்கு இருபது வீதம் தள்ளிவிட முடியாது. வரிவரியாகப் படிக்க வேண்டும், மாணவன் சொன்னது திருத்துகிற ஆசிரியருக்கே புதிதாக இருந்தால் உட்கார்ந்து போட்டுப் பார்க்கவும் வேண்டும். சுமை, சுமை என்று பேராசிரியர் அலறுவது யாருடைய முதுகை நினைத்து என்பது வாசகருக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.