சங்கிலியை அவிழ்த்தால் போதுமா?

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செய்தி வந்ததும் பாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த வருடம் பங்குனி வரை என் சித்தி ஏர்வாடியில்தான் இருந்தார். வேறொரு கொட்டகை, அதே மாதிரி சங்கிலி. மாதாமாதம் கட்ட வேண்டிய பணத்தைக் கரிமூட்டக் கூலியில் புரட்ட முடியாமல் பாட்டி அவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். பணம் இருந்திருந்தால் சித்தி அந்த ஆகஸ்டிலும் ஏர்வாடியில் சங்கிலியோடுதான் கிடந்திருப்பார். கணுக்காலில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

தீக்குப் பிறகு நடந்ததை நாம் அறிவோம். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்று 2002இல் உத்தரவிட்டது. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல 28 உயிர்கள் தேவைப்பட்டன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது. அதன் 95ஆவது பிரிவு, எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது.

ஏர்வாடி என்றதும் மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அதை ஒரு மதத்தின் மீது திருப்பிவிடக் காத்திருப்பவர்கள் வேறு. தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வந்தார்கள். மனநோய் தீர வேண்டி திருச்சி அருகே குணசீலம் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. என் பாட்டி மருத்துவத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு தர்காவுக்குப் போகவில்லை. அரசின் மனநல மருத்துவமனை 500 கிலோமீட்டருக்கு அப்பால் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. மதுரை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர ஒரு முழுநாள் கூலியும் பஸ் காசும் வேண்டும். தர்காவில் வாசலில் படுத்துக்கொள்ளலாம், நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது சிறிய விஷயம் இல்லை. பின்னாளில் தர்காவிலேயே மருத்துவரும் மாத்திரையும் கிடைக்கும்படி ‘தவா - துவா’ திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டு வா என்று சொல்லாமல் மருந்தை அங்கேயே கொண்டுபோனது சரியான காரியம்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். ‘நோய் சமூகத்துக்குத்தான், மாத்திரை ஏன் எங்களுக்கு?’ என்று கருத்தரங்குகளில் நானும் பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு வருடம், வழக்கமாக வாங்கும் இடத்தில் சித்தியின் மாத்திரை ‘ஸ்டாக் இல்லை’ என்றார்கள். வெளியே வாங்கக் காசில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு நள்ளிரவில், கழுத்தளவு கடல் தண்ணீரில் நின்றவரை வலைக்குப் போனவர்கள்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வசனத்தை நான் பேசுவதில்லை.

மாத்திரை என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை நாம் தெரிந்து பேச வேண்டும். மனச்சிதைவுக்கான முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் மனநல விடுதி என்றாலே பூட்டும் கட்டும்தான். சித்தி சாப்பிடும் ரிஸ்பெரிடோன் அந்த வழியில் பின்னால் வந்தது. இவை மூளையில் டோபமைனின் வேலையைக் குறைக்கின்றன. காதில் கேட்கும் குரல்கள் அடங்குகின்றன. பதிலுக்குக் கை நடுங்கலாம், உடல் இறுகலாம், எடையும் சர்க்கரையும் ஏறலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விடுவதும், நன்றாகிவிட்டது என்று மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும் ஆபத்து.

லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருதுருவ மனநிலைக் கோளாறுக்குப் பழைய, நல்ல மருந்து. ஆனால் உடலில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகும். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவருக்கு, குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சீட்டை எழுதும்போது இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டாமா? மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான். அது போய்ச்சேரும் உடல் எங்கே, எந்த வேலையில், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதில் சாதி இருக்கிறது.

இதை மறுப்பவர்களுக்குச் சட்டத்தையே காட்டலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, சாதியின் பெயரால் பாகுபாடு இல்லாமல் மனநல சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. 3ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது: தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒருவர் கட்டுப்படவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி அடைத்துவைக்கும் குடும்பங்களுக்கு எதிரான வரி அது. நம் வழக்கறிஞர் தோழர்கள் அதை இன்னும் அதிகம் கையில் எடுக்க வேண்டும்.

மாத்திரையால் தீராதவையும் உண்டு. 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவுநாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டு ஆறு பேர் இறந்தார்கள். அதைப் பார்த்தவனுக்குத் தூக்கம் வராததை வெறும் நோய் என்று எழுதிவிட முடியாது. கடலுக்குப் போனவன் இலங்கைச் சிறையில் இருக்கிறான் என்று பாம்பனில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் பதற்றத்துக்கு மருந்துச்சீட்டு மட்டும் பதிலாகாது. அவர்களுக்கு நீதி வேண்டும். ஆனால் நீதி வரும்வரை அவர்கள் தூங்கவும் வேண்டும், உயிரோடு இருக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் நம் அரசியலாக இருக்க முடியும்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதோவொரு மனநலக் கோளாறோடு இருக்கிறார்கள். நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்கு சிகிச்சை கிடைக்கவில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலுக்கு மருந்து கொண்டுவர முடியும் என்று காட்டிய மாநிலம் இது. மனநல மாத்திரையும் ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் ஒவ்வொரு காலனிக்கும், ஒவ்வொரு குப்பத்துக்கும் வரட்டும். மருத்துவர் தன் நோயாளியோடு பத்து நிமிடம் பேசும் அளவுக்கு ஆட்களைப் போடட்டும். நம் அமைப்புகளும் பயிற்சி முகாம்களில் இதைப் பேசட்டும். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லும் தோழரைப் பலவீனமானவர் என்று பார்ப்பதை நிறுத்துவோம். அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மாத்திரை எப்படி இருக்கிறது என்று சித்தியிடம் கேட்டேன். “நாக்கு தடிச்சுப்போகுதுடா தம்பி, கையும் ஆடுது. அந்தச் சத்தம் மட்டும் இல்ல” என்றார். பிறகு, மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பதினொரு நாளைக்குத்தான் வரும், அடுத்தது எப்ப வாங்கித் தருவ?” என்று கேட்டார்.

சங்கிலியை அவிழ்த்து 20 வருடங்களுக்கு மேலாகிறது. சித்தி இன்னும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.