அது வந்து... ஐ மீன்...

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாராவியிலிருந்து ஒரு அண்ணாச்சி தன் மகனைக் கூட்டிக்கொண்டு செம்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்க ஊர்ப்பக்கம்தான். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். பையன் பி.காம். முதல் வகுப்பு. மூன்று இன்டர்வியூ போய் மூன்றுமே ஊத்திக்கிச்சு.

"தம்பி, நீங்க ஆபீஸ் உத்தியோகத்துல இருக்கீங்க. இவன்கிட்ட என்ன கொறைன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவும் பையனும் என் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சரி, காபி வருவதற்குள் நாலு கேள்வி கேட்போம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பையனுக்கு இலக்கணமெல்லாம் சுத்தம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நாலைந்து விநாடி மௌனம். கண் கூரைக்குப் போகும். அப்புறம் மனப்பாடம் செய்த மாதிரி ஒரு முழு வாக்கியம் கடகடவென்று வந்து விழும். மறுபடி மௌனம்.

"கடையில கஸ்டமர் யாராவது கத்தினா, ஹவ் டூ யூ புட் அப் வித் இட்?" என்றேன். முழித்தான். புட் தெரியும், அப் தெரியும், வித்தும் தெரியும். மூன்றும் சேர்ந்தால் என்னவென்று தெரியவில்லை. "ஹவ் டூ யூ டாலரேட் இட்?" என்று மாற்றிக் கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டான்.

கொறை இவ்வளவுதான். பெரிய வார்த்தையெல்லாம் தெரியும். சின்ன வார்த்தைகள் தெரியாது.

அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. 1994ல் தாதரில் வந்து இறங்கி, நரிமன் பாயின்ட் பக்கம் ஒரு ஆபீஸில் சேர்ந்த இரண்டாவது வாரம். "த மீட்டிங் இஸ் கால்டு ஆஃப்" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். என் காதில் விழுந்தது 'கால்டு' மட்டும். நம்மைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நோட்டும் பேனாவுமாய் மீட்டிங் ரூமில் போய் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். டீ கொண்டு வந்த பையன்தான் "ஸாப், மீட்டிங் கேன்ஸல்" என்று காப்பாற்றினான். :-)

இதற்கெல்லாம் ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். 1925ல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பரவலானது. ஆனால் சங்கதி ரொம்பப் பழசு. கெட், புட், கிவ், டேக் மாதிரி குட்டி வினைகளோடு அப், ஆஃப், அவுட் என்று ஒரு வாலைச் சேர்த்தால் அர்த்தமே மாறிவிடும். டாலரேட், போஸ்ட்போன், இன்வெஸ்டிகேட் எல்லாம் லத்தீன் வழி வந்த கனமான வார்த்தைகள். புட் அப் வித், புட் ஆஃப், லுக் இன்ட்டு என்பவை ஆங்கிலேயன் வீட்டு அடுப்பங்கரை வார்த்தைகள். அங்கே குழந்தை முதலில் கற்பது இவற்றைத்தான். நாம் படித்ததோ தலைகீழ். பாடப்புத்தகம், விண்ணப்பம், ஆபீஸ் கடிதம் வழியாகத்தான் நமக்கு ஆங்கிலமே வந்தது. வாசல் வழியாகப் போகாமல் மொட்டைமாடி வழியாக வீட்டுக்குள் இறங்கியவர்கள் நாம்.

இதில் வேடிக்கை, தமிழனுக்கு இந்தச் சங்கதி புதிதே இல்லை. கண்டு தனி, பிடி தனி. சேர்ந்தால் கண்டுபிடி. விட்டு, கொடு. சேர்ந்தால் விட்டுக்கொடு. இதில் எதை விடுகிறோம், எதைக் கொடுக்கிறோம்? பார்த்துக்கொள் என்றால் பார்ப்பது மட்டுமா? நம் வீட்டு மூன்று வயசுக் குழந்தை இதையெல்லாம் சர்வசாதாரணமாகப் பேசுகிறது. 'லுக் ஆஃப்டர்' என்பது பார்த்துக்கொள், 'கிவ் இன்' என்பது விட்டுக்கொடு, 'ஃபைண்ட் அவுட்' என்பது கண்டுபிடி என்று ஜோடி போட்டுக் காட்டினால் போதும். 'கெட்' என்று தலைப்புப் போட்டு நாற்பது அர்த்தத்தை வரிசையாக நெட்டுருப் போடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு ஏறும்?

அடுத்தது அந்த மௌனம்.

'அஹ்', 'அம்', 'வெல்', 'யூ நோ', 'ஐ மீன்' எல்லாம் பேசத் தெரியாதவன் இழுக்கிற இழுவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2002ல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்னது, இவையும் வார்த்தைகள்தான், இவற்றுக்கும் வேலை உண்டு என்பது. 'அஹ்' என்றால் சின்ன தாமதம், 'அம்' என்றால் கொஞ்சம் பெரிய தாமதம் என்று கேட்பவருக்குச் சொல்லிவைக்கிறோமாம். அதாவது, நான் இன்னும் முடிக்கவில்லை, யோசிக்கிறேன், கொஞ்சம் இருங்கள் என்று அர்த்தம்.

நம்மிடம் இல்லையா என்ன? 'அது வந்து...' என்கிறோமே, அங்கே எது வந்தது, எங்கிருந்து வந்தது? 'அதாவது' என்கிறோம். இந்திக்காரர் 'மத்லப்' என்கிறார், மராட்டிக்காரர் 'ம்ஹணஜே' என்கிறார். ஆச்சி கதை சொல்லும்போது 'உம்' கொட்டச் சொல்லுவாளே, அது கேட்கிறவன் பக்கத்துச் சின்ன வார்த்தை. நிறுத்தினால் பேரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

தாய்மொழியில் இத்தனையும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஊமையாகிறோம்? நமக்கு ஆங்கிலம் ஒப்பிப்பதாகத்தான் சொல்லித்தரப்பட்டது. ஒப்பிக்கும்போது திக்கினால் பாடம் மறந்துவிட்டது என்று அர்த்தம், முட்டிக்குக் கீழே பிரம்படி. அந்தப் பயத்தில் யோசிக்கிறபோது வாயை மூடிக்கொள்கிறோம். எதிரே இருப்பவர் இவனுக்குப் பதில் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். பையனின் அப்பா இந்தி படித்ததே இல்லை. ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்துகட்டி அடிப்பார். ஆனால் 'அரே பாய்', 'க்யா ஹை நா', 'மத்லப்' என்று போட்டு நிரப்பிக்கொண்டே பேசி வியாபாரத்தை முடித்துவிடுவார். யோசிக்கிற நேரத்திலும் அவர் வாய் மூடாது. அப்பா இந்தியைத் தெருவில் கற்றார், மகன் ஆங்கிலத்தை நோட்ஸில் கற்றான். அப்பா பிழையோடு பிழைத்துக்கொண்டார், மகன் பிழையில்லாமல் நிற்கிறான்.

கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் நாக்கின் வேகத்தை அளப்பது நியாயமா? இல்லை என்பதுதான் என் கட்சி. பையன் டேலி நன்றாகத் தெரிந்தவன். நான் கேட்ட நாலு கணக்குக் கேள்விக்கும் சரியாகச் சொன்னான். ஆனால் அவர்கள் மாறுகிறவரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியுமா?

அதற்காக மூன்று வார்த்தைக்கு ஒரு 'பேசிக்கலி', 'ஆக்சுவலி' போடச் சொல்லவில்லை. என் மகள் வாக்கியத்துக்கு நாலு 'லைக்' போடுகிறாள், காது வலிக்கிறது. உப்பு மாதிரிதான். இல்லாவிட்டாலும் தொண்டையில் இறங்காது, கூடினாலும் இறங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்று பெற்றோர் தமிழை விட்டுவிட்டுத் தாங்களும் புத்தக ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். நானும் கொஞ்ச காலம் செய்தேன். அதில் பிள்ளைக்குக் கிடைத்தது என் மொட்டைமாடி ஆங்கிலம்தான். வீட்டில் தமிழே பேசுவோம். பிள்ளை 'அது வந்து...' என்று இழுத்தால் நடுவில் புகுந்து முடித்துவைக்காமல் காத்திருப்போம். வீட்டில் பயமில்லாமல் இழுக்கிற பிள்ளை வெளியே பயமில்லாமல் 'வெல்...' சொல்லும் என்பது என் நம்பிக்கை.

பையனுக்கு அடுத்த வாரம் நாலாவது இன்டர்வியூ. 'வெல்', 'லெட் மீ திங்க்', 'ஐ மீன்', இந்த மூன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். வேலை கிடைக்குமா, தெரியாது.

செருப்பு மாட்டும்போது "எப்படிப் போறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கூரையைப் பார்க்கவில்லை. "வெல்... குர்லாவில் சேஞ்ச் பண்ணி... ஐ மீன், வீ வில் கெட் டவுன் அட் சயான்" என்றான்.

கெட் ஆஃப் என்றுதான் வெள்ளைக்காரன் சொல்லுவான். இருக்கட்டும், நான் திருத்தவில்லை. மும்பை லோக்கலில் அத்தனை பேரும் கெட் டவுன்தான்!