ஒரு பெட்டி போதாது!

மகள் பிறந்த நாள் முதல் 6 ஆண்டுப் படங்கள். எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டேன். சட்டைப் பையில் அடங்கும் பெட்டி அது. "இனிக் கவலை இல்லை" என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன்.

ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த பெட்டி மேஜையிலிருந்து விழுந்தது. "டிக், டிக்" என்று சத்தம். அவ்வளவுதான்!

இந்த வகைப் பெட்டிக்குள் பளபளப்பான தட்டு சுழல்கிறது. பல பெட்டிகளில் நிமிடத்துக்கு 5,400 சுற்று! தட்டை ஒட்டி, தலைமயிர்கூட நுழைய முடியாத இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. அடிபட்டால் முனை தட்டைக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்த படம் திரும்பாது. (1956-ல் வந்த முதல் ஹார்டு டிஸ்க் எந்திரம் ஏறக்குறைய ஒரு டன் எடை. அதை யாரும் மேஜையிலிருந்து தள்ளியிருக்க முடியாது!)

பெட்டியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தவறு என்னுடையது. நான் நகல் எடுக்கவில்லை, இடம் மாற்றினேன். பீரோவில் இருந்த நகையை டிரங்குப் பெட்டியில் வைத்தால், நகை இரண்டாகுமா?

படங்கள் இரண்டு இடத்தில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். வெள்ளமும் திருடனும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோவார்கள். அவ்வப்போது திறந்தும் பாருங்கள்.

உறவினர்களின் போன்களில் தேடியதில் 40 படங்கள் கிடைத்தன. இப்போது எங்களிடம் இரண்டு பெட்டிகள். ஒன்று மாமியார் வீட்டில், பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது.