தூண்டில் குண்டும் பழைய பேட்டரியும்

கிள்ளானில் நண்பர் வீட்டின் பின்புறம் உடைத்த கார் பேட்டரி கிடந்தது. அதிலுள்ள ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்க்கிறாராம். பக்கத்திலேயே பேரனின் சைக்கிள்!

அமிலம் பட்டால் எரியும், உடனே தெரியும். ஈயத்தூள் அப்படியல்ல. கையிலும் சட்டையிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். செனகலில், டாக்கார் புறநகர் ஒன்றில் பேட்டரி ஈயம் கலந்த மண்ணால் 2007-08இல் சில மாதங்களிலேயே 18 குழந்தைகள் இறந்தனர்.

பழைய பேட்டரியை உடைக்காதீர்கள். கவிழ்க்காமல் கொண்டுபோய், புதியது மாற்றும் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணைக் கழிவு, குப்பைத்தொட்டிக்கு உரியதல்ல.

தூண்டில் குண்டு கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. பேரனின் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நண்பர் இன்னும் போகவில்லை.