வண்ண விளக்கும் மாணவர் சிந்தனையும்

அடல் புத்தாக்க இயக்கம் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் சார்பில் பள்ளிகளில் அமைந்த டிங்கரிங் ஆய்வகங்களில், தொடக்க நிலையினர்க்கு ஏற்ற பயிற்சி ஒன்று உண்டு: ஆர்டுயினோ பலகையால் மூவண்ண எல்.இ.டி. விளக்கை இயக்குதல். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் நிரலில் 0 முதல் 255 வரை ஓர் எண் தரப்படுகிறது; அதற்கேற்ப மின்துடிப்பின் அகலம் மாறி, ஒளி கூடவோ குறையவோ செய்கிறது.

நிரலைப் பார்த்தெழுதி, விளக்கு எரிந்தவுடன் பாடம் முடிந்ததெனக் கொள்வது பொருந்தாது. பொது நேர்மின்வாய் உடைய விளக்கை இணைப்பின், 255 என்னும் எண்ணே ஒளியை அணைத்துவிடும். பொருளறியாது எழுதிய மாணவன் அங்கே திகைப்பான்.

ஆதலின், நிரலை இயக்குமுன் எவ்வண்ணம் தோன்றும் என்பதை மாணவர் எழுதிவைக்குமாறு ஆசிரியர் பணித்தல் வேண்டும். கணித்ததும் கண்டதும் வேறுபடின், காரணத்தை அவர்களே ஆராயச் செய்தல் இன்றியமையாதது.