பட்டன் இருக்கு சார்... உயிர் இருக்கா?

கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2024 மே 7-ம் தேதி அமலுக்கு வந்த ஏற்பாடு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்கு வரக் கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. இரண்டும் தேவைதான், மலை பாவம். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். பைக்கில் தொங்குகிற பையைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பைக்கு ஒரு சாண் கீழே சுற்றுகிற டயரைக் குனிந்து பார்க்க ஆள் கிடையாது. முதலில் பார்க்க வேண்டியவர் வண்டி ஓட்டுகிறவர். அவரும் பார்ப்பதில்லை.

சனி, ஞாயிறுகளில் வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் நின்று பாருங்கள். சென்னை, கோவை, மதுரை என்று எல்லாத் திசைகளிலிருந்தும் பழைய புல்லட்டுகள் 'டுப்... டுப்...' என்று வரிசையாக மலை ஏறும். அப்பா ஓட்டியது, மாமா கொடுத்தது, யாரிடமோ கெஞ்சி வாங்கியது. அழகான வண்டிகள், சந்தேகமில்லை. டேங்க்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம். சைலன்சரை மட்டும் மூன்று தடவை மாற்றியிருப்பார்கள். புதுத் தோல் சீட், பக்கத்துக்கு ஒரு பை, காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி... எல்லாவற்றுக்கும் காசு இருக்கிறது. முன் டயரின் பக்கவாட்டில் மட்டும் கோடைக் கண்மாய் மாதிரி வெடிப்பு. கேட்டால் பதில் ரெடி...

''பட்டன் அப்படியே இருக்கு சார்!''

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் இந்த வாரம் என் சண்டை.

தினமும் ஆபீஸ் போகிற பைக்கின் டயர் தேய்ந்து சாகும். மாசத்துக்கு ஒரு தடவை போர்வை விலக்கி ஸ்டார்ட் செய்யப்படுகிற செல்லப் புல்லட்டின் டயர் தேயாது, வயசாகிச் சாகும். ரப்பர் கல் இல்லை. ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சூடும் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. மிருதுவாக இருக்கட்டும் என்று தொழிற்சாலையில் கலந்த எண்ணெய்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகின்றன. ஷெட்டில் சும்மா நின்றாலும் இது நிற்காது. ஏழெட்டு வருடம் கழித்துப் பார்த்தால், பட்டன் கம்பீரமாக இருக்கும், ரப்பர் மட்டும் பிளாஸ்டிக் ஆகிக்கொண்டிருக்கும். ஆகவே, பழைய வண்டியில் 'பட்டன் அப்படியே இருக்கு' என்பது டயருக்கு நற்சான்றிதழ் அல்ல. 'நான் ரொம்ப நாளாக இங்கேயே கிடக்கிறேன்' என்று டயரே கொடுக்கிற வாக்குமூலம்.

''நல்லாத்தானே ஓடுது?'' என்பீர்கள். ஓடும். நாற்கர சாலையில், நேராக, காய்ந்த தாரில், எந்த டயரும் ஓடும். பரீட்சை மலையில்தான். வத்தலக்குண்டு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கீழே சுட்ட தாரில் ஓடிய அதே டயர், மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்த குளிரில் ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டிப்பட்ட ரப்பர், குளிரில் இன்னும் கெட்டிப்படும். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஏறி, வெள்ளி அருவி தாண்டி செண்பகனூர் பக்கம் வரும்போது பனிமூட்டம் கூடவே வரும். நல்ல வெயில் நாளில்கூட மரநிழல் விழுகிற வளைவு மட்டும் காயாமல் கிடக்கும். பாறையில் கசிகிற தண்ணீர், உதிர்ந்த இலை, முன்னால் போன பஸ் சிந்திய டீசல். அந்த இடத்தில் வண்டி, ஆள், மூட்டை எல்லாவற்றையும் ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது இரண்டு டயருக்குமாக இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர்தான். டேங்க் பாலிஷ் வந்து பிடிக்காது.

டூர் போகிற வண்டிக்கு இன்னொரு வினை உண்டு. சென்னையிலிருந்து கொடைக்கானல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி நேர்ரோடு. நேர்ரோட்டில் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். உருண்டையாக இருக்க வேண்டிய டயர் நடுவில் சப்பையாகிவிடும். ஓரத்துப் பட்டன் புதுசு போலவே இருக்கும். மலையில் வண்டியைச் சாய்க்கும்போது, சப்பையான நடுவிலிருந்து ஓரத்துக்கு டயர் தடக்கென்று விழும். ஓட்டுகிறவர், 'வண்டி இழுக்குது' என்று ஸ்டீயரிங் பால்ரேஸைக் குறை சொல்லி மெக்கானிக்கிடம் போவார்.

இப்போது டயர் கடைக்கு வருவோம். ஊர்தான் வேறு, உரையாடல் எல்லா ஊரிலும் ஒன்றேதான்.

''அண்ணே, புல்லட்டுக்கு டயர் வேணும்.''

''போடலாம் தம்பி. பின்னாடி மட்டும் மாத்துங்க, முன்னாடி நல்லாருக்கு.''

''எவ்வளவு கிலோமீட்டர் வரும்?''

''அது வரும் தம்பி, அடிச்சுத் தூக்கும்!''

''டியூப்?''

''பழசே போதும், எதுக்கு வீண் செலவு?''

நாலு வரியில் நாலு தப்பு. முதல் தப்பு, முன் டயரை விட்டுவைப்பது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முழுக்க முன்னால் போகிறது. பின் டயர் வழுக்கினால் சமாளிக்க ஒரு நொடி கிடைக்கும். முன் டயர் வழுக்கினால் அந்த நொடியும் இல்லை. இரண்டாவது, கிலோமீட்டர் கணக்கு. நிறைய ஓடுகிற ரப்பர் கெட்டியான ரப்பர், நன்றாகப் பிடிக்கிற ரப்பர் மிருதுவான ரப்பர். ஒன்று கூடினால் மற்றது பெரும்பாலும் குறையும். இப்போதைய கலவைகள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன, ஒழித்துவிடவில்லை. வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற ஆசாமி முப்பதாயிரம் கிலோமீட்டர் வருகிற டயரைக் கேட்பது, எண்பது வயசில் இருபது வருட எல்.ஐ.சி. பாலிசி கேட்கிற மாதிரி. மூன்றாவது, அந்தக் கேள்விக்கு வந்த பதில். நான்காவது டியூப். புது டயருக்குள் மடிப்பு விழுந்த பழைய டியூபைத் திணித்தால், அது கிழிகிற இடத்தை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை... 'இந்த டயருக்கு என்ன வயசு?'

பதில் டயரிலேயே எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் வருடத்தின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம். மூன்றே எண் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். மியூசியத்துக்குக் கொடுக்கலாம். செண்பகனூரிலேயே ஒன்று இருக்கிறது, இயேசு சபைப் பாதிரியார்களின் திரு இருதயக் கல்லூரியில். ஆனால், அது செடிகொடிகளுக்கும் பறவைகளுக்குமான மியூசியம், புல்லட் டயருக்கு இடம் தருவார்களா தெரியாது!

''டயருக்கு ஏது சார் எக்ஸ்பயரி?'' என்கிற கடைக்காரருக்கு ஒரு தகவல். ஐந்து வருடம் ஆன டயரை வருடா வருடம் சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று மிஷ்லின் கம்பெனியே சொல்கிறது. பத்து என்பது கடைசி எல்லை. வெயிலில் நிற்கிற, குளிரில் மலையேறுகிற, டிரம் பிரேக் வைத்த பழைய வண்டிக்கு ஆறோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

அடுத்து வருவார்கள், 'அந்தக் காலத்து ரப்பர் மாதிரி வருமா' கோஷ்டி. ''எங்கப்பா பத்து வருஷம் இதே வண்டியில கொடைக்கானல் போனார், ஒண்ணும் ஆகலை.'' ஐயா, உங்கள் அப்பா அந்த வண்டியை தினமும் ஓட்டினார். அவர் டயர் கிழவனாகும் முன்பே தேய்ந்துபோனது, அவரும் மாற்றினார். நீங்கள் ஓட்டாமல் பூஜை செய்கிறீர்கள். அப்பாவின் வண்டி உங்களுக்கு வந்தது, அப்பாவின் பழக்கம் வரவில்லை.

இன்னொரு கோஷ்டி அழகு கோஷ்டி. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19 டயர். மூன்றேகால் அங்குல அகலம், பத்தொன்பது அங்குல ரிம். இது பார்க்க ஒல்லியாக இருக்கிறதாம். ஆகவே, அந்தக் குறுகலான ரிம்மில் குண்டு டயரை ஏற்றுகிறார்கள். ரிம் டயரை இரண்டு பக்கமும் நெருக்க, டயரின் வடிவமே மாறிவிடுகிறது. செயின் கவரில் உரசினால் உபரி லாபம். இன்னும் சிலர் காட்டுப் பாதைக்கான பெரிய பட்டன் டயரைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் போகிறார்கள். சேற்றில் கவ்வுகிற அந்தப் பட்டன்களுக்கு நடுவே அத்தனை இடைவெளி. ஈரத் தாரில் தொடுகிற ரப்பர் குறைவு. போட்டோவில் நன்றாக இருக்கும். வளைவில் போட்டோ எடுப்பதில்லையே!

எதை வாங்குவது? பிராண்டு பெயர் சொல்லி விளம்பரம் செய்ய மாட்டேன். மேனுவல் சொன்ன அளவு, அல்லது டயர் கம்பெனியின் பட்டியல் அதற்கு ஈடு என்று சொல்கிற அளவு. ஐ.எஸ்.ஐ. முத்திரை. முன்னும் பின்னும் ஒரே சமயத்தில், ஒரே கம்பெனி, ஒன்றுக்கொன்று ஜோடியாகச் செய்தது. முன்னால் ஒரு கம்பெனியின் ரேடியல், பின்னால் வேறொன்றின் சாதா டயர் என்று கல்யாணம் செய்து வைக்காதீர்கள். பாரக் குறியீட்டைப் பாருங்கள். 54 என்றால் 212 கிலோ, 60 என்றால் 250 கிலோ தாங்கும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றுகிறவர் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. புது டியூப், ரிம்முக்குப் புது நாடா. தேதி ஒரு வருடத்துக்குள். அதைவிடப் பழையதை நீட்டினால், ''வேற எடுங்கண்ணே'' என்று சொல்ல வெட்கம் வேண்டாம். பால் பாக்கெட்டுக்குச் சொல்கிறோமே! பிறகு, மலைக்குக் கிளம்புகிற முந்தின நாள் மாற்றாதீர்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஊருக்குள் பதமாக ஓட்டிவிட்டு மலையேறுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாடு டயர்களின் ஊர். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளைதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயரைக் கொடுத்தார். புல்லட் தயாரானதும் அதே திருவொற்றியூரில்தான். மதுரை பக்கத்தில் டி.வி.எஸ். டயர், ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின். உலகத்துக்கே டயர் செய்து தருகிற ஊருக்கு டயர் வாங்கத் தெரியவில்லை.

கம்பெனிகளுக்கும் சர்க்காருக்கும் ஒரு கேள்வி. பிஸ்கட் பாக்கெட்டில் மாசமும் வருடமும் ஊருக்கே புரிகிற மாதிரி அச்சாகிறது. உயிர் தாங்குகிற டயரில் மட்டும் ஏன் சங்கேத பாஷை? 'ஜூன் 2019' என்று எழுத டயரில் இடமில்லையா? மோட்டார் வாகன விதியும் பட்டனைத்தான் அளக்கிறது, வயசைக் கேட்பதில்லை. சொந்த உபயோக பைக்கை ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி காட்டச் சொல்வது பதினைந்து வருடம் கழித்துத்தான். ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பைக்கைக் கொண்டுபோய்ச் சோதித்தாக வேண்டும், டயர் உட்பட. இங்கே 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அத்தனையும் டயரால் அல்ல. ஆனால், காரணங்களிலேயே சுலபமாக, சில ஆயிரம் ரூபாயில் ஒழிக்கக்கூடிய காரணம் இதுதான்.

''என் வண்டி, என் டயர், என் உயிர். உனக்கென்ன?'' என்று கேட்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். செண்பகனூரில் அந்த ரோடு சுற்றுலாப் பாதை மட்டுமல்ல, ஊர்க்காரர்களின் தெருவும் அதுதான். அதன் ஓரத்தில்தான் ஸ்கூல் பிள்ளைகள் நடக்கிறார்கள், கேரட் மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒதுங்க இடமில்லை. மொட்டை டயரோடு பால் கேன் கட்டிக்கொண்டு போகிற உள்ளூர்க்காரரைச் சொல்கிறீர்களா? அவருக்கு இல்லாமை. உங்களுக்கு என்ன குறை? நீங்கள் வழுக்கினால் உங்களுக்கு ஹெல்மெட் இருக்கிறது, கவசக் கோட்டு இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ரோட்டோரம் நடக்கிற பெண்ணிடம் இருப்பது ஒரு குடை.

அடுத்த தடவை மலைக்குக் கிளம்பும் முன் சைலன்சர் சத்தத்தை ரசித்தது போதும் என்று ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். குனியுங்கள். அந்த நாலு எண்ணைப் படியுங்கள். ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அந்த டயருக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கழற்றி, இரண்டாகக் கிழித்துப் போடுங்கள். 'செகண்ட்ஸ்ல குடுத்துடலாம்' என்று இன்னொருத்தன் தலையில் கட்டாதீர்கள்.